சிறந்த நெறியாளர் விருது: யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்காவில் செப்டம்பர் மூன்றாம் வாரம் ‘போஸ்ட்டாக் பாராட்டு வாரம்’. 2009-இல் ஒரே ஒரு நாளாகத் தொடங்கியது, அடுத்த ஆண்டே வாரமாகிவிட்டது. அதையொட்டிப் பல்கலைக்கழகங்கள் சில, போஸ்ட்டாக்குகளை, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகும் ஆய்வகத்தில் பயிலும் ஆய்வாளர்களை, நன்றாக வழிநடத்திய பேராசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து விருது கொடுக்கின்றன. கையில் கேடயம், சுற்றிலும் ஆய்வகத்துப் பிள்ளைகள், ஒரு படம். அங்கே ஆய்வு செய்யும் சொந்தக்காரப் பையனோ பெண்ணோ பகிர்ந்தால் அந்தப் படம் நம் ஊர்க் குடும்பக் குழுவுக்கும் வந்துவிடுகிறது.

பார்ப்பவர்களுக்கு எழும் கேள்விகள் நியாயமானவை. முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஒருவருக்கு எதற்குக் கைடு? தேவைதான் என்றாலும் அது பேராசிரியரின் வேலைதானே, அதற்கு ஏன் தனியாக விருது? அப்புறம், விருது வாங்கியவரின் ஆய்வகத்தில் நம்பிச் சேரலாமா? மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் வில்லங்கமானது. அதற்கு முன் அடிப்படையைப் பார்த்துவிடுவோம்.

போஸ்ட்டாக் என்பவர் யார்?

முனைவர் பட்டம் முடித்து, நிரந்தர வேலைக்குப் போகும் முன் சில ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் தங்கி ஆய்வு செய்பவர் போஸ்ட்டாக். தமிழில் ‘முனைவர் பட்ட மேலாய்வாளர்’ என்று எழுதுவார்கள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்புகளான தேசிய அறிவியல் அறக்கட்டளையும் தேசிய சுகாதார நிறுவனமும் 2007-இல் இதற்கு ஒரு பொது வரையறை தந்தன. அதில் இரண்டு சொற்கள் முக்கியம். ஒன்று, இது தற்காலிகமான, வரையறுக்கப்பட்ட காலம். இரண்டு, இது ஒரு நெறியாளரின் கீழ் நடக்கும் மேற்பயிற்சி. தான் தேர்ந்த தொழிலில் சொந்தக்காலில் நிற்கத் தேவையான திறனை வளர்ப்பதே அதன் நோக்கம். ஆக, நெறிப்படுத்துவது பேராசிரியர் மனமுவந்து செய்யும் உபகாரம் கிடையாது. வரையறையிலேயே எழுதி வைத்த கடமை. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஒரு முனைவர் மட்டும்தான்.

சம்பளம் எவ்வளவு? தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி உதவித்தொகைப் பட்டியலில் 2024-இல் முதல் ஆண்டு போஸ்ட்டாக்குக்கு ஆண்டுக்கு 61,008 டாலர். ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். பாஸ்டனிலோ சான் பிரான்சிஸ்கோவிலோ வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது. அதே நிறுவனம் அமைத்த ஆலோசனைக் குழு 2023 டிசம்பரில் குறைந்தபட்சம் 70,000 டாலர் கொடுக்க வேண்டும், போஸ்ட்டாக் காலம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு வரம்பு போடச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மூன்று கயிறு, ஒரு கை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 60,000-க்கு மேற்பட்ட போஸ்ட்டாக்குகள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்காலிக விசாவில் வந்தவர்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் அதில் பெரிய பங்கு. இவர்களின் நிலைமையைப் புரிந்துகொள்ள, பேராசிரியரின் கையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் போதும்.

1. சம்பளம். பெரும்பாலும் பேராசிரியர் வாங்கிய ஆய்வு நிதியிலிருந்துதான் போஸ்ட்டாக்கின் சம்பளம் வருகிறது. நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். ஒப்பந்தம் அனேகமாக ஓராண்டு ஓராண்டாகத்தான் நீளும்.

2. விசா. பலர் போவது ஜே-1 விசாவில். ஆராய்ச்சியாளர் பிரிவில் அதன் உச்ச வரம்பு ஐந்து ஆண்டுகள். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் கூடவே ஆட்டம் காணும். மனைவி, கணவன், குழந்தைகளின் விசாவும் அதே நூலில்தான் தொங்குகிறது.

3. பரிந்துரைக் கடிதம். அடுத்த வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் ‘உங்கள் போஸ்ட்டாக் நெறியாளரின் கடிதம் எங்கே?’ என்று கேட்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறியவருக்கு அந்தக் கடிதம் வராது. கடிதம் இல்லாததற்கே ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்வார்கள்.

முனைவர் பட்ட மாணவருக்குத் துறைத் தலைவர் இருக்கிறார், ஆய்வுக் குழு இருக்கிறது, மாணவர் அலுவலகம் இருக்கிறது. ஊழியருக்கு மனிதவளப் பிரிவு இருக்கிறது. போஸ்ட்டாக் மாணவரும் இல்லை, முழு ஊழியரும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைச் சரிசெய்யத்தான் பல பல்கலைக்கழகங்கள் போஸ்ட்டாக் அலுவலகங்களைத் திறந்தன. தேசிய போஸ்ட்டாக் சங்கம் 2003-இல் உருவானதும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் போஸ்ட்டாக்குகள் தொழிற்சங்கமாகி 2010-இல் முதல் ஒப்பந்தம் போட்டதும் இதே காரணத்தால்தான்.

நெறியாளர் வேறு, மேலாளர் வேறு

நம் ஊரில் நெறியாளர், கைடு, வழிகாட்டி எல்லாமே ஒரே ஆளைத்தான் குறிக்கும். அமெரிக்க ஆய்வகத்தில் ஒரே பேராசிரியர் இரண்டு தொப்பி போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். முதல் தொப்பியில் அவர் முதன்மை ஆய்வாளர். நிதி வாங்கியவர், வாக்களித்த வேலையை முடித்துக் காட்ட வேண்டியவர். அவருக்குத் தேவை, இந்தப் பரிசோதனை இந்த மாதத்துக்குள் முடிவது. இரண்டாவது தொப்பியில் அவர் நெறியாளர். அந்த நேரத்தில் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பெண் மூன்று ஆண்டு கழித்து எங்கே இருப்பாள்?

இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் நாட்கள் உண்டு. மோதும் நாட்களில்தான் ஒருவர் எப்படிப்பட்ட நெறியாளர் என்று தெரியவரும்.

அந்த மோதல் வெளிப்படையாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. போஸ்ட்டாக் ஆய்வகத்தை விட்டுப் போகும்போது, தான் வளர்த்த ஆய்வுத் தலைப்பைக் கையோடு எடுத்துப் போகலாமா? எடுத்துப் போனால்தான் புதிய இடத்தில் அவர் பெயரில் ஓர் ஆய்வகம் முளைக்கும். எடுத்துப் போனால் பழைய ஆய்வகத்துக்கு ஒரு போட்டியாளர் முளைப்பார். தேசிய சுகாதார நிறுவனத்தின் கே-99 என்ற உதவித்தொகை இந்தக் கட்டத்துக்கென்றே உருவானது. முதலில் இரண்டு ஆண்டுகள் வரை நெறியாளரின் கீழ், பிறகு மூன்று ஆண்டுகள் வரை சொந்த ஆய்வகத்தில். விண்ணப்பிக்கும்போதே, எந்தப் பகுதி நெறியாளருக்கு, எந்தப் பகுதி விண்ணப்பதாரருக்கு என்று பிரித்துக் காட்ட வேண்டும். சேர்ந்த முதல் ஆண்டிலேயே ‘இது உன்னுடையது, நான் தொட மாட்டேன்’ என்று சொல்லிவிடும் பேராசிரியரும் இருக்கிறார். கடைசி மாதம் வரை பேச்சைத் தள்ளிப்போட்டு, போகும்போது ‘அது ஆய்வகத்தின் சொத்து’ என்பவரும் இருக்கிறார். இருவரின் ஆய்வகத்திலிருந்தும் வெளிவரும் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம்.

மற்றவை இதைவிடச் சின்னவை, ஆனால் அன்றாடம் நடப்பவை. நிதி விண்ணப்பத்தைச் சொந்தமாக எழுத விடுவது, மாநாட்டில் நாலு பேருக்கு அறிமுகம் செய்வது, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று முன்கூட்டியே பேசிவிடுவது, ‘எனக்குப் பேராசிரியர் வேலை வேண்டாம், கம்பெனிக்குப் போகிறேன்’ என்று சொன்னால் முகம் சுளிக்காமல் இருப்பது. கடைசியில் சொன்னது பலருக்கும் வராது.

விதி இருக்கும்போது விருது எதற்கு?

விதி இருக்கிறதுதான். 2007-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, போஸ்ட்டாக்குக்குச் சம்பளம் கேட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போகும் எந்த விண்ணப்பத்திலும், அவரை எப்படி நெறிப்படுத்தப் போகிறேன் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விண்ணப்பம் பரிசீலனைக்கே போகாமல் திரும்பி வரும். 2024 மே முதல் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் இந்த விதி விரிந்தது. அதோடு, ‘தனிநபர் வளர்ச்சித் திட்டம்’ ஒன்றை எழுதி, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திடும், 2019-இல் திருத்திய ஆய்வாளர் வளர்ச்சி உடன்படிக்கையின்படி, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தொழில் வளர்ச்சிக்கென்று ஆண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஒதுக்க வேண்டும்.

விதியால் ஒரு பக்கத்தை எழுத வைக்கலாம். எழுதியதைச் செய்தாரா என்று பார்க்க விதிக்குக் கண் இல்லை. அந்த ஒரு பக்கம் பல இடங்களில் ஆளுக்கு ஆள் கைமாறி, பெயர் மட்டும் மாற்றி ஒட்டப்படுகிறது என்பது ஆய்வுலகில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை.

இன்னொரு பக்கம் பதவி உயர்வு. பேராசிரியரை எடைபோடும்போது கட்டுரை, நிதி, வகுப்பறைப் பாடம் மூன்றையும் பார்ப்பார்கள். வகுப்பறைக்கு மாணவர்கள் பெயர் போடாமல் மதிப்பெண் கொடுக்க வழி உண்டு. போஸ்ட்டாக் வகுப்பில் உட்காருவதில்லை. அவரிடம் கேட்கலாம் என்றால் அங்கே எண்ணிக்கையே இடிக்கிறது. ஓர் ஆய்வகத்தில் இருப்பது இரண்டு மூன்று போஸ்ட்டாக்குகள்தான். பெயர் போடாமல் எழுதினாலும் எழுதியது யார் என்று பேராசிரியருக்கு இரண்டு வரியில் தெரிந்துவிடும். எழுபது பேர் உட்காரும் வகுப்பில் செல்லுபடியாகும் உத்தி, மூன்று பேர் இருக்கும் அறையில் செல்லாது.

இந்த இடைவெளியில்தான் விருது நுழைகிறது. குறை சொல்ல யாருக்கும் தைரியம் வராத இடத்தில், நிறை சொல்லவாவது ஒரு வழி. பதவி உயர்வுக் கோப்பில் ‘நெறிப்படுத்தல்’ என்ற தலைப்பில் ஒரு வரி எழுத அது உதவும். அது தவிர, நல்ல நெறிப்படுத்தல் என்றால் என்ன என்று ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமும் வருகிறது. எனக்கு விருதைவிட அந்த எழுத்துதான் பயனுள்ளதாகத் தெரிகிறது.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

வழக்கமான முறை இது. போஸ்ட்டாக் ஒருவர் தன் பேராசிரியரை முன்மொழிவார். இரண்டு மூன்று பேர் ஆதரவுக் கடிதம் எழுதுவார்கள். போஸ்ட்டாக்குகளும் பேராசிரியர்களும் கலந்த ஒரு குழு படித்துத் தீர்மானிக்கும். தேசிய போஸ்ட்டாக் சங்கமும் நாடு தழுவிய அளவில் ஒரு நெறியாளர் விருது தருகிறது.

இதிலுள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. கடிதம் எழுதுபவர் யார்? ஆய்வகத்தில் இப்போது இருப்பவர் அல்லது அங்கிருந்து நன்றாகப் போய்ச் சேர்ந்தவர். இப்போது இருப்பவரின் மூன்று கயிறும் யாருடைய கையில் என்று மேலே பார்த்தோம். ‘எனக்கு யாராவது முன்மொழிவு போடலாமே’ என்று ஆய்வகக் கூட்டத்தில் பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னால், அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? நன்றாகப் போனவர்களின் கடிதத்தில் வேறு வகைக் கோளாறு. கப்பல் கரை சேர்ந்தவர்கள் மாலுமியைப் புகழ்வார்கள். நடுக்கடலில் இறங்கியவர்களிடம் யாரும் கடிதம் கேட்பதில்லை.

இதை ஓரளவு சமாளித்த முறை, நேச்சர் என்ற அறிவியல் இதழ் 2005 முதல் நடத்திவரும் நெறியாளர் விருது. ஆண்டுக்கு ஒரு நாடு அல்லது வட்டாரம் என்று சுற்றி வரும். தொழிலின் நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு ஒன்று, வாழ்நாள் பணிக்கு ஒன்று. அதில் முன்மொழிய ஐந்து பேர் வேண்டும். ஐவரும் அந்த நெறியாளரிடம் வெவ்வேறு காலகட்டங்களில் பயின்றவர்களாக இருக்க வேண்டும். இந்த ஒரே நிபந்தனை பலவற்றை வடிகட்டிவிடுகிறது. நேற்றுச் சேர்ந்த மூன்று பேரின் கடிதம் போதாது. இருபது ஆண்டுக்கு முன் போனவருக்கு இந்தப் பேராசிரியரிடம் இனி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, அதனால் அவர் கொஞ்சம் மனம்விட்டு எழுதலாம். நல்ல காலத்தில் மட்டும் நல்லவராக இருந்தவரும் இதில் தேறுவது கடினம்.

இந்த விருதுக்கு வந்த முன்மொழிவுகளைப் படித்து, பொதுவாக என்ன தென்படுகிறது என்று 2007-இல் அதே இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு: கதவு திறந்தே இருக்கும், போன பிறகும் உறவு அறாது. நிறைய கட்டுரை போட்டார், பெரிய நிதி வாங்கினார் என்பதற்கெல்லாம் அங்கே பின்வரிசைதான்.

அளக்க முடியுமா?

கடிதம் நம்பகமில்லை என்றால் எண்களைப் பார்க்கலாமே என்று தோன்றும். அப்படி முயன்று சறுக்கிய கதை ஒன்று இருக்கிறது.

2020 நவம்பரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 30 லட்சத்துக்கு மேற்பட்ட மூத்தவர்-இளையவர் ஜோடிகளை எடுத்து, யாருடைய நெறிப்படுத்தலில் இளையவர்களின் பிற்காலக் கட்டுரைகள் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டன என்று கணக்குப் போட்டது. பெண் நெறியாளர்களிடம் பயின்ற பெண்களுக்கு மேற்கோள் குறைவு என்பது அதன் முடிவுகளில் ஒன்று. பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த மாதமே கட்டுரையை ஆசிரியர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

என்ன தவறு? நெறிப்படுத்தலை அவர்கள் நேரடியாக அளக்கவில்லை. ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் சேர்ந்து கட்டுரை எழுதியிருந்தால் மூத்தவர் நெறியாளர் என்று வைத்துக்கொண்டார்கள். கட்டுரையில் பெயர் இருக்கும், ஆளையே பார்த்திருக்க மாட்டார் என்பது ஆய்வுலகில் சாதாரணம். தன் பெயரைக்கூடச் சேர்த்துக்கொள்ளாமல், மாலை நேரத்தில் உட்கார்ந்து நம் கையெழுத்துப் பிரதியைத் திருத்திக் கொடுத்த பக்கத்து ஆய்வகத்து அம்மா இந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

இன்னொரு வழி, பயின்றவர்களையே முறையாகக் கேட்பது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய வினாத்தாளில் 26 கேள்விகள். பேச்சுத்தொடர்பு, எதிர்பார்ப்புகளை ஒத்துப்போகச் செய்வது, புரிதலைச் சோதிப்பது, பன்முகத்தன்மை, சுயமாக நிற்க விடுவது, தொழில் வளர்ச்சி என்று ஆறு தலைப்புகள். இதை வைத்து, 16 மருத்துவ ஆய்வு மையங்களில் 283 நெறியாளர்-பயில்பவர் ஜோடிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு தரப்பு நெறியாளர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து நடத்திய சோதனை 2014-இல் வெளியானது. பயிற்சி எடுத்த நெறியாளர்கள் தாங்கள் மேம்பட்டதாகச் சொன்னது பெரிய விஷயமில்லை, யார்தான் அப்படிச் சொல்ல மாட்டார்கள்? அவர்களிடம் பயின்றவர்களும் மாற்றத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் சேதி. நல்ல நெறியாளர் பிறவியிலேயே வர வேண்டும் என்ற பேச்சுக்கு இது ஒரு பதில்.

எண்ணுக்கு அகப்படாத சிக்கல் காலம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, அது தனக்குச் சரிவராது என்று உயிரியல் பக்கம் திரும்பியவர். மறுபடி மாணவராக இரண்டு ஆண்டு படித்தார். அந்த நிலையில் இருந்தவரை 1978-இல் போஸ்ட்டாக்காகச் சேர்த்துக்கொண்டவர் யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மூர். உயிரணுக்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் ராமகிருஷ்ணனின் கைக்கு வந்தது அங்கேதான். யேலை விட்டு வெளியே வந்தபோது பல இடங்களுக்கு விண்ணப்பித்தும் அவருக்குப் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் என்று தேசிய ஆய்வுக்கூடங்களுக்குப் போனார். அதே ரைபோசோமுக்காக நோபல் பரிசு வந்தது 2009-இல். 1983-இல் ஒரு விருதுக் குழு உட்கார்ந்து, ‘மூரிடம் இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே?’ என்று கேட்டிருந்தால் இந்தப் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருப்பார்கள்?

இந்தியாவில் இதே கணக்கு

இங்கே போஸ்ட்டாக் ஆவதற்கு இரண்டு வழிகள், அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் மேலே சொன்ன கயிறுகளைப் பற்றியது. பேராசிரியரின் திட்டத்தில் ஆராய்ச்சி இணையராகச் சேர்ந்தால் சம்பளம் அவர் நிதியிலிருந்து வரும். 2023 திருத்தத்தின்படி மாதம் 58,000 ரூபாயில் தொடங்கி 67,000 வரை, அதோடு வீட்டு வாடகைப் படி. இதற்கு மாறாக, மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான சேர்ப் (SERB) நடத்திய தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை ஆய்வாளரின் பெயருக்கே வந்தது. இரண்டு ஆண்டு, மாதம் 55,000 ரூபாய், போக ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆய்வுச் செலவுக்கு. விண்ணப்பத்தில் நெறியாளர் பெயரைக் குறிப்பிட வேண்டும், ஆனால் பணம் அவர் திட்டத்தைச் சார்ந்ததில்லை. சொந்தப் பணத்தோடு வரும் போஸ்ட்டாக்கிடம் பேராசிரியர் பேசும் தொனியே வேறு என்பதை இரண்டு வகையிலும் இருந்தவர்கள் சொல்வார்கள். பணம் நேரத்துக்கு வராமல் மாதக்கணக்கில் இழுப்பது இங்கே உள்ள தனிக்கதை. அந்த மாதங்களில் கைடு என்ன செய்கிறார் என்பதே ஒரு தேர்வுதான்.

விருதுச் செய்தியை எப்படிப் படிப்பது?

ஆய்வகம் தேடும் ஒருவர் இப்படிப்பட்ட செய்தியைப் பார்த்தால் கேட்க வேண்டியவை:

1. முன்மொழிந்தவர்கள் எந்தக் காலத்தவர்கள்? எல்லோரும் இப்போது ஆய்வகத்தில் இருப்பவர்களா, பழையவர்களும் உண்டா?

2. தகுதி விதிகளைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறதா? ‘சிறந்த முறையில் வழிகாட்டியவர்’ என்று மட்டும் இருந்தால் அதற்குப் பொருளே கிடையாது. பயின்றவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், பேராசிரியர் வேலைக்குப் போகாதவர்கள் உட்பட, என்று கேட்டிருந்தால் குழு கொஞ்சம் யோசித்திருக்கிறது.

3. அந்தப் பேராசிரியர் மீது வந்த புகார்களைக் குழு விசாரித்துப் பார்த்ததா? விருது கொடுக்கும் அலுவலகமும் புகார் வாங்கும் அலுவலகமும் வேறு வேறு. ஒன்று மற்றதிடம் கேட்காமலே கேடயத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட முடியும்.

4. விருது பதவி உயர்வில் எண்ணப்படுகிறதா, அல்லது தேநீர் விருந்தோடு முடிகிறதா?

இவற்றில் பாதிக்குப் பதில் கிடைக்காது. கிடைக்காதபோது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் ‘முன்னாள் உறுப்பினர்கள்’ பட்டியலை எடுத்து, அதே ஆய்வகத்தின் பழைய கட்டுரைகளில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரையில் இருந்து, பட்டியலில் இல்லாத பெயர் ஏதாவது தட்டுப்படும். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். எழுத்தில் எதையும் கேட்காதீர்கள், போனில் கேளுங்கள்.